கர்னல் லாம்ப்டனும் தூக்குக்குண்டும்

சென்னை நகரின் வடகோடியில், மணலிக்கும் திருவொற்றியூருக்கும் அண்மையில், சடையங்குப்பம் என்றொரு சிற்றூர் உண்டு. கொசஸ்தலையாறு கடலை நாடிச் செல்லும் வழியில், பக்கிங்காம் கால்வாயையொட்டி அமைந்த தாழ்ந்த பூமி அது. அங்கே ஒரு சுவர் எழும்பும்போது கொத்தனார் தம் பையிலிருந்து எடுக்கும் கருவிகளில் முக்கியமானது தூக்குக்குண்டு. நூலின் நுனியில் கட்டிய ஓர் இரும்புக் குண்டு, அவ்வளவே. அதைத் தொங்கவிட்டு, ஆட்டம் ஓயும் வரையில் பொறுத்திருந்து, நூலோடு சுவரை ஒத்துப் பார்க்கிறார். சுவர் கோணலா, நேரா என்பதற்கு அதற்கு மேல் ஒரு சாட்சி அவருக்கு வேண்டியதில்லை. நூல் சொன்னதே தீர்ப்பு.

அந்த நூல் ஏன் எப்போதும் கீழ்நோக்கியே நிற்கிறது? கீழ் என்பது எந்தத் திசை? எல்லா ஊரிலும் அது நேராகத்தான் நிற்கிறதா? பள்ளிச் சிறுவன் கேட்கக்கூடிய இக்கேள்விகளை நம் தேசத்து மண்ணில் கருவிகளோடு நின்று கேட்டு, அதற்காகத் தம் வாழ்நாளில் இருபது வருஷத்துக்கு மேல் செலவிட்ட ஒருவரின் சரித்திரத்தை இன்று வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் வில்லியம் லாம்ப்டன். அவர் நம்மவர் அல்லர்; நம்மை அடக்கியாண்ட கம்பெனியின் சேனையில் ஊழியம் செய்தவர். ஆயினும் உண்மையைத் தேடுவதில் ஒரு மனிதன் எவ்வளவு நேர்மையாய் இருக்கலாம் என்பதை அவரிடமிருந்து நம் மாணவர்கள் கற்றுக்கொள்வதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்ஷயரில், கிராஸ்பி கிரேஞ்ச் என்னும் பண்ணையில், எளிய குடும்பமொன்றில் லாம்ப்டன் பிறந்தார். கணிதத்தில் இயல்பான ஆர்வம் இருந்தது. அக்காலத்தில் பேர்பெற்ற கணித ஆசிரியரான சார்லஸ் ஹட்டனிடம் பாடம் கேட்கும் பாக்கியமும் கிடைத்தது. இந்த ஹட்டனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியது அவசியம். 1774-ம் வருஷத்தில் மாஸ்கலின் என்ற வான சாஸ்திரி ஸ்காட்லாந்திலுள்ள ஷிஹாலியன் மலையின் இருபுறமும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். மலை குண்டைத் தன் பக்கம் சிறிது இழுத்தது. அந்தச் சிறு விலகலைக் கொண்டு, மலையின் பருமனையும் கணக்கிட்டு, பூமி முழுவதும் எவ்வளவு அடர்த்தியானது என்று மதிப்பிட்டவர் ஹட்டன். தண்ணீரைப் போல் சுமார் நாலரை மடங்கு என்று அவர் கண்டார். இன்று அறிந்த அளவு ஐந்தரை மடங்கு. இவருடைய மாணாக்கர் தூக்குக்குண்டின் நடத்தையைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அதுவே ஆச்சரியமாகும்.

ஆனால் லாம்ப்டனின் வயிற்றுப்பாடு கணிதத்தால் நடக்கவில்லை. 1781-ல் சேனையில் சேர்ந்தார். அமெரிக்கர்கள் தங்கள் சுதந்திரத்துக்காக நடத்திய யுத்தத்தில் ஆங்கிலேயர் பக்கம் நின்று, யார்க்டவுன் சரணாகதியில் சிறைப்பட்டார். பின்னர் கானடாவில் நியூ பிரன்ஸ்விக் பிராந்தியத்தில், சிப்பாய்களின் இருப்பிடங்களை மேற்பார்க்கும் சிறு உத்தியோகத்தில் பல ஆண்டுகள் கழிந்தன. சூரிய கிரகணமொன்றைப் போதிய காப்பின்றிப் பார்த்ததால் ஒரு கண்ணின் பார்வை குன்றியது என்பர். நண்பர் வட்டம் சிறிது; செல்வம் இல்லை; பேச்சும் அதிகம் இல்லை. அந்தத் தனிமையில் அவருக்குத் துணையாயிருந்தவை நியூட்டன் முதலியோர் வகுத்த சாஸ்திரங்கள். 33-ம் படைப்பிரிவோடு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தபோது அவர் இளமையைக் கடந்தவர். பிறர் ஓய்வை நினைக்கத் தொடங்கும் வயதில் அவருடைய உண்மையான வேலை ஆரம்பமாயிற்று.

1799-ம் வருஷம் திப்பு சுல்தான் மீது கம்பெனியார் தொடுத்த கடைசி யுத்தத்தில் லாம்ப்டனும் இருந்தார். ஓர் இரவு, தளபதி பேர்ட் தம் பட்டாளத்தை நடத்திக்கொண்டு போகையில், லாம்ப்டன் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து, வடக்கே போக வேண்டியவர்கள் தெற்கே, திப்புவின் பாசறையை நோக்கியே போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று எச்சரித்தார். திசைகாட்டியைப் பார்த்ததும் அவர் சொன்னதே மெய்யாயிற்று. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, மைசூர் ராஜ்யம் பிறர் கைக்கு மாறியது. அந்த வெற்றியின் பின்னே, தீபகற்பத்தை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை முக்கோணங்களாகப் பிரித்து அளக்க வேண்டும் என்ற யோசனையை லாம்ப்டன் சென்னை சர்க்காருக்குச் சமர்ப்பித்தார்.

கம்பெனியின் நோக்கமும் அவர் நோக்கமும்

கம்பெனியாருக்குப் படம் வேண்டியிருந்தது. வரி வாங்கவும், பீரங்கி நடத்தவும் அது உதவும். எனினும் இவ்வளவு நுட்பமான அளவை எதற்கு என்று செலவைக் கண்டு முணுமுணுத்தவர் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணம் போக விரும்புகிறவர் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னால் போதாதா, முக்கோணம் எதற்கு என்று ஒருவர் வாதித்ததாகக் கதை உண்டு. லாம்ப்டனின் மனத்திலோ படத்தைவிடப் பெரியதொரு விஷயம் இருந்தது. பூமியின் உருவம் என்ன என்பதே அது.

இதைச் சற்று விளக்க வேண்டும். பூமி உருண்டை என்பது பழைய செய்தி. ஆனால் சரியான உருண்டையா? பூமி தன் அச்சில் சுழல்கிறது. பூமத்திய ரேகையிலுள்ள பொருள் மணிக்கு ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வட்டமிட்டுச் செல்கிறது. துருவத்திலுள்ளது இடம் பெயர்வதே இல்லை. நகரும் பொருள் எதுவும், வேறொரு விசை குறுக்கிடாதவரை, நேர்கோட்டில் போகவே முயலும். அதை வட்டத்தில் பிடித்து வைக்க விசை வேண்டும். பூமியின் ஆகர்ஷணத்தில் ஒரு சிறு பகுதி இந்தக் காரியத்திற்கே செலவாகிறது. ஆகையால் பூமி நடுவில் சற்றுப் பருத்தும் துருவங்களில் சற்றுச் சப்பியும் இருக்க வேண்டும் என்று நியூட்டன் 1687-ல் முடிவு கட்டினார். பிரான்ஸ் தேசத்துக் காசினி குடும்பத்தார் தாங்கள் அளந்த அளவைக் கொண்டு, இல்லை, பூமி துருவப்பக்கம் நீண்டது என்றார்கள். இந்த வழக்கைத் தீர்க்க 1730-களில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஒரு கூட்டமாகப் பெரு தேசத்துக்கும், மற்றொரு கூட்டமாக வடதுருவத்தை அடுத்த லாப்லாந்துக்கும் சென்று அளந்தனர். நியூட்டன் பக்கமே தீர்ப்பாயிற்று. ஆனால் எவ்வளவு சப்பை என்பது மட்டும் தீரவில்லை. பூமத்திய ரேகைக்கு அருகே நீண்டதோர் அளவு தேவைப்பட்டது. அதற்கு நமது தென்னாடு தகுந்த இடமாய் இருந்தது.

பூமியின் சப்பை நமக்கு எட்டாத விஷயம் என்று மாணவர்கள் எண்ண வேண்டாம். அது சந்தைக் கடையிலும் தெரியும். லண்டனில் ஒரு வில் தராசில் தொங்கவிட்டு 100 ராத்தல் காட்டிய மூட்டையைச் சென்னைக்குக் கொண்டுவந்து அதே தராசில் தொங்கவிட்டால் சுமார் 99.7 ராத்தலே காட்டும். வழியில் யாரும் திருடவில்லை. பூமியின் மையத்திலிருந்து நாம் சற்றுத் தூரத்தில் இருக்கிறோம். அதிக வேகமாகவும் சுழல்கிறோம். ஆதலால் இழுப்பு குறைவு. அதே மூட்டையை இரு தட்டுத் தராசில் எடைக்கற்களுக்கு எதிரே வைத்தால் குறைவு ஒன்றும் தெரியாது. மூட்டையின் இழுப்பு குறைந்த விகிதத்திலேயே கற்களின் இழுப்பும் குறைந்திருக்கும். பொருளில் அடங்கிய சரக்கின் அளவு நிறை. அதைப் பூமி இழுக்கும் விசை எடை. நிறை ஊருக்கு ஊர் மாறாது, எடை மாறும். இந்த பேதத்தை அறிந்தவன் பௌதிக சாஸ்திரத்தின் முதல் படியைத் தாண்டிவிட்டான். நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வான ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரான கோல்டிங்ஹாம் 1821-ல் ஊசலை ஆட்டிப் பார்த்துக் கண்டதும் இதுவே. விநாடிக்கு ஒரு வீச்சாக ஆடும் ஊசல் லண்டனில் சுமார் 39.14 அங்குல நீளம் இருக்கும். சென்னையில் சுமார் 39.03 அங்குலமே போதும். லண்டனில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தை மாற்றாமல் இங்கே மாட்டினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 நிமிஷம் பின்தங்கும்.

பரங்கிமலை அடிவாரத்தில்

அளப்பதற்குக் கருவி வேண்டுமே! சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாக ஆங்கிலேயத் தூதுகோஷ்டி ஒன்று எஃகுச் சங்கிலி ஒன்றை எடுத்துப் போயிருந்தது. அதை அங்கே ஏற்றுக்கொள்ளவில்லை. திரும்பி வரும் வழியில் கல்கத்தாவில் தங்கிவிட்ட அச்சங்கிலி லாம்ப்டன் கைக்கு வந்தது. இரண்டரை அடி நீளமுள்ள 40 கம்பிகளைக் கோத்த 100 அடிச் சங்கிலி அது. உச்சி வானத்திலிருந்து ஒரு நட்சத்திரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கும் கருவியும் அதே வழியில் கிடைத்தது.

1802-ம் வருஷம் ஏப்ரல் 10-ந் தேதி பரங்கிமலைக்கு அருகே சமநிலத்தில் முதல் கோட்டை அளக்கத் தொடங்கினார்கள். மே 22-ந் தேதி முடித்தார்கள். சென்னையில் சித்திரை வைகாசி வெயில் எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய ஏழரை மைல் தூரம். 100 அடிச் சங்கிலியை 400 முறை இட வேண்டும். சங்கிலி தரையில் புரளக் கூடாதென்று மரப்பெட்டிகளைக் கால்களின் மேல் நிறுத்தி, அவற்றுள் அதைக் கிடத்தினார்கள். ஒவ்வொரு முறையும் இழுப்பு ஒரே அளவாயிருக்க வேண்டும் என்று நுனியில் ஒரு கனத்தைத் தொங்கவிட்டார்கள். மனிதன் கை இன்று பலமாகவும் நாளை மெதுவாகவும் இழுக்கும். பூமி அப்படியல்ல, ஓரிடத்தில் ஒரு கனத்தை என்றும் ஒரே விசையோடு இழுக்கும். வெயிலுக்கு எஃகு நீளுமாதலால் பக்கத்தில் உஷ்ணமானிகளையும் வைத்திருந்தார்கள். வெப்பம் 20 டிகிரி பாரன்ஹீட் ஏறினால் 100 அடிச் சங்கிலி ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பாகத்துக்கும் குறைவாகவே நீளும். அற்பம் என்று விட்டுவிட்டால் 400 சங்கிலிக்கு 5 அடி பிசகும். முதல் கோட்டிலுள்ள பிசகு அதன்மேல் எழுப்பும் எல்லா முக்கோணங்களிலும் வளர்ந்துகொண்டே போகும். அஸ்திவாரம் கோணினால் கோபுரம் கோணாதோ?

ஒரு கோட்டின் நீளமும், அதன் இரு முனைகளிலிருந்து தூரத்துக் குன்றொன்றைப் பார்க்கும் கோணங்களும் தெரிந்தால், அக்குன்றின் தூரத்தை நடக்காமலே கணக்கிட்டுவிடலாம். அந்தத் தூரத்தை அடுத்த முக்கோணத்தின் அடியாகக் கொண்டு மேலும் போகலாம். கோணம் அளப்பதற்காக இங்கிலாந்தில் செய்வித்த பெரிய தியோடலைட் அரை டன் கனமுள்ளது. அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் கடலில் பிடித்து மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டு போயினர். அது விஞ்ஞானக் கருவி என்று அறிந்ததும் அங்கிருந்த பிரெஞ்சு கவர்னர் அதைச் சென்னைக்கே மரியாதையுடன் அனுப்பி வைத்தார். இரு தேசங்களும் யுத்தத்தில் இருந்த காலம் அது என்பதை நினைத்தால், அறிவுக்கு அன்றிருந்த மதிப்பு விளங்கும். சென்னையிலிருந்து மங்களூர் வரை முக்கோணங்கள் சென்றபோது, தீபகற்பத்தின் அகலம் சுமார் 360 மைலே என்றும், அதுவரை இருந்த படங்கள் 40 மைல் கூட்டிக் காட்டின என்றும் தெரிந்தது.

1808-ல் தஞ்சைக்கு வந்தார்கள். காவிரி நாட்டில் குன்று ஏது? தென்னந்தோப்புகளுக்கு மேலே பார்வை போக வேண்டுமானால் கோயில்களே கதி. சுமார் 200 அடி உயரமுள்ள பெரிய கோயிலின் மேல் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பிடிகயிறு அறுந்தது. அரை டன் கருவி வீசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. நிற்கும் பொருளை நகர்த்த விசை வேண்டுவதுபோல நகரும் பொருளை நிறுத்தவும் விசை வேண்டும். நிறை மிகுதியானால் அவ்விசையும் மிகுதி. நிற்கும் நேரம் குறுகக் குறுக அது மேலும் மிகுதி. கயிறு மெல்ல நிறுத்தியிருக்க வேண்டியதைச் சுவர் ஒரு கணத்தில் நிறுத்தியது. நுட்பமான அளவுக்கோடுகள் பொறித்த வட்டம் நெளிந்துபோயிற்று. லாம்ப்டன் யார் மேலும் கோபிக்கவில்லை. கூடாரத்துக்குள் புகுந்து, சில வேலைக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஆறு வாரம் உழைத்து, அந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்துப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் அக்கருவி பல்லாண்டு உழைத்தது.

பெங்களூரில் கண்ட பிசகு

இனித்தான் நம் கதையின் சாரம் வருகிறது. பூமியின் உருவத்தை அறிய இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, தெற்கு வடக்காக இரண்டு இடங்களுக்கு இடையே தரையிலுள்ள தூரம். அதை முக்கோணங்கள் தரும். மற்றொன்று, அவ்விடங்களின் அட்சாம்சங்களுக்கு உள்ள வித்தியாசம். அதை வானம் தரும். ஒரே நட்சத்திரம் ஓர் ஊரில் உச்சியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது, மற்ற ஊரில் எவ்வளவு என்று பார்த்துக் கழித்தால் போதும். தூரத்தைப் பாகையால் வகுத்தால் ஒரு பாகைக்கு இத்தனை மைல் என்று வரும். நம் பக்கத்தில் அது 69 மைலுக்குச் சற்றுக் குறைவு. பூமி துருவத்தில் சப்பையாயிருந்தால் வடக்கே போகப் போக இந்த அளவு சிறிது சிறிதாகக் கூட வேண்டும்.

ஆனால் உச்சி எது என்று யார் சொல்வது? தூக்குக்குண்டுதான். அதன் நூலை வானத்தில் நீட்டினால் அதுவே உச்சி. பெரிய பெரிய கருவிகளும் கடைசியில் கொத்தனாரின் அந்த நூலையே நம்பி நிற்கின்றன. நூல் ஒரு விகலை சாய்ந்தால் என்ன ஆகும்? ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. 5 அடி நூலின் நுனியில் ஒரு விகலைச் சாய்வு என்பது தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது. தரையிலோ அது 100 அடிப் பிசகாக நிற்கும்.

பெங்களூரை அடுத்த ஒரு நிலையத்தில் அளந்து கணக்கிட்டபோது லாம்ப்டன் திகைத்தார். வடக்கே கூட வேண்டிய பாகை அளவு ஒழுங்காகக் கூடவில்லை. அந்நிலையத்துக்கு ஒரு பக்கத்தில் வந்த கணக்கும் மறுபக்கத்தில் வந்த கணக்கும் ஒத்துப்போகவில்லை. சாமானிய மனிதன் இங்கே என்ன செய்வான்? இரண்டையும் கூட்டிச் சராசரி போடுவான். அல்லது ஒத்துவராத எண்ணை மெல்ல நழுவவிடுவான். ஆயிரக்கணக்கான எண்களில் ஒன்றை யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்? கல்கத்தாவிலும் லண்டனிலும் இருந்த மேலதிகாரிகளுக்குப் படம் வந்தால் போதுமே! லாம்ப்டன் அப்படிச் செய்யவில்லை. சங்கிலியைச் சந்தேகித்தார், கோணங்களைச் சந்தேகித்தார், நட்சத்திரப் பதிவுகளைச் சந்தேகித்தார். எதிலும் குற்றம் இல்லை என்று கண்டபின், எல்லோரும் நம்பும் தூக்குக்குண்டையே சந்தேகித்தார்.

நியூட்டன் விதிப்படி, உலகிலுள்ள ஒவ்வொரு பொருளும் மற்ற ஒவ்வொரு பொருளையும் இழுக்கிறது. நிறை கூடினால் இழுப்பு கூடும். தூரம் இரு மடங்கானால் இழுப்பு நாலில் ஒன்றாகும். குண்டைப் பூமி முழுவதும் இழுக்கிறது. அருகேயுள்ள மலையும் தன் பங்குக்கு இழுக்கிறது. குரு ஹட்டனின் பாடம் அது. ஆனால் பெங்களூரின் அருகே அவ்வளவு பெரிய மலை இல்லையே! அப்படியானால், கண்ணுக்குத் தெரியாமல் பூமிக்கு அடியிலே, ஒரு பக்கத்தில், சுற்றிலுமுள்ள பாறையைவிட அடர்த்தி மிகுந்த கனிப்பொருள் கிடக்க வேண்டும். அதுவே குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். பிசகை மறைக்காமல் அச்சில் ஏற்றிப் பிறர் பார்வைக்கு வைத்தார். தோண்டாமல், துளைக்காமல், நூல் ஒன்றைக் கொண்டே நிலத்தின் உள்ளடக்கத்தைப் பற்றிக் கேட்ட கேள்வி அது. இன்று எண்ணெயும் கனிகளும் தேடுவோர் இடத்துக்கு இடம் ஆகர்ஷணத்தை அளந்து பார்ப்பதும் இந்த வழியில்தான்.

அந்த விதை பின்னும் வளர்ந்தது. லாம்ப்டனுக்குப் பின் எவரெஸ்ட் என்பவர் அந்தக் கோட்டை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார். அங்கேயும் கணக்கு 5 விகலைக்குச் சற்று மேல் பிசகியது. இமயமலை குண்டை இழுக்கிறது என்றார்கள். கல்கத்தாவில் இருந்த பிராட் பாதிரியார் 1855-ல் மலையின் நிறையைக் கணக்கிட்டு, அப்படியானால் சுமார் 16 விகலை சாய வேண்டுமே, ஏன் 5 மட்டும் என்று கேட்டார். அதே வருஷத்தில் ஏரி என்ற வான சாஸ்திரி விடை சொன்னார். நீரில் மிதக்கும் கட்டையின் பெரும்பகுதி அமிழ்ந்திருப்பதுபோல, மலைக்கும் அடியிலே இலேசான பாறையாலான வேர் ஒன்று ஆழமாய் இறங்கியிருக்கிறது. ஆகவே மேலே தோன்றும் மிகுதியைக் கீழேயுள்ள குறைவு ஈடு செய்கிறது என்பது அவ்விடை. பூமியின் மேலோட்டைப் பற்றிய இன்றைய அறிவுக்கு அது ஒரு தூண்.

கடைசி நாட்களும் பெயர் தெரியாதவர்களும்

லாம்ப்டன் கன்னியாகுமரிக்கு அருகிலிருந்து வடக்கே ஹைதராபாத் பிராந்தியம் வரை சுமார் 10 பாகை நீளம் அளந்து முடித்தார். அவர் முக்கோணங்கள் ஒன்றரை லட்சம் சதுர மைலுக்கு மேல் பரந்தன. 1817-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கியது. 1818-ல் அவர் வேலைக்கு இந்தியப் பெரு முக்கோண அளவை என்ற பெயர் வந்தது. பட்டமும் பொருளும் அவரைத் தேடி வரவில்லை, அவரும் தேடவில்லை. தாய்நாட்டுக்குத் திரும்பாமலே, ஹைதராபாத்திலிருந்து நாகபுரிக்குப் போகும் வழியில், ஹிங்கன்காட் என்னும் ஊரில், கூடாரத்தில், 1823-ம் வருஷம் ஜனவரி 20-ந் தேதி காலமானார். அங்கேயே அவரைப் புதைத்தனர்.

இந்தப் பெருமை அவர் ஒருவருடையதன்று. 1794-ல் சென்னையில் ஏற்பட்ட அளவைப் பள்ளியே பிற்காலத்தில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. அப்பள்ளியில் பயின்ற ஜோஷுவா டி பென்னிங் போன்ற இளைஞர்கள் லாம்ப்டனுக்கு வலக்கையாய் இருந்தனர். சங்கிலி இழுத்தவர், கொடி பிடித்துக் குன்றேறியவர், அரை டன் கருவியைத் தோளில் சுமந்தவர் எல்லாரும் நம் நாட்டு ஏழை ஜனங்கள். 1819-ல் கிருஷ்ணா, கோதாவரி நதிகளுக்கு இடையேயுள்ள காடுகளில் சுமார் 150 பேர் காய்ச்சலில் விழுந்தனர். சிலர் எழுந்திருக்கவே இல்லை. அவர்கள் பெயரை எந்தக் கல்லிலும் பொறிக்கவில்லை. உலகத்தின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரத்தைக் கணித்த வேலையில் முதன்மையான பங்கு கொண்டவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். 1865-ல் சிகரத்துக்குச் சூட்டிய பெயரோ எவரெஸ்ட். ஆதிகர்த்தாவான லாம்ப்டன் பெயர்கூட அதில் இல்லை. புகழ் என்னும் குண்டு எப்போதும் நேராகத் தொங்குவதில்லை. அருகிலுள்ள அதிகாரத்தின் கனம் அதைச் சாய்த்துவிடுகிறது.

சடையங்குப்பத்துக்குத் திரும்புவோம். தேங்கிய நீரின் மேற்பரப்பு தூக்குக்குண்டின் நூலுக்கு எப்போதும் செங்குத்தாகவே நிற்கும்; மட்டம் என்பதற்கு வேறு பொருள் இல்லை. எந்த நிலம் எதைவிட எத்தனை அங்குலம் தாழ்வு என்பதை நீர் ஒருபோதும் தவறாகச் சொல்லாது. 2021-லும் 2023-லும் கொசஸ்தலையாறு பெருகியபோது அந்தச் சுற்றுவட்டாரத்து ஏழைக் குடிகளின் வீடுகளில் புகுந்து அது அதைச் சொல்லிவிட்டுப் போயிற்று. ஆற்றின் முகத்துவாரத்தை அடைத்து மண் கொட்டினாலும், தாழ்நிலத்தைச் சுற்றி மேட்டுச் சாலை போட்டாலும், காகிதத்தில் வடிகால் வரைந்துவிட்டால் தண்ணீர் அதன்படி நடக்குமா? அது பூமியின் இழுப்புக்கு மட்டுமே கட்டுப்படும்.

அன்று கம்பெனியார் நம் நிலத்தை ஆள்வதற்காக அளந்தார்கள். இன்று நாம் நம் ஜனங்களைக் காப்பதற்காக அளக்க வேண்டும். ஒவ்வொரு தெருவின் மட்டத்தையும், ஒவ்வொரு கால்வாயின் சரிவையும் நுட்பமாக அளந்து, அதில் வரும் பிசகை மறைக்காமல் ஊரார் முன் வைக்க வேண்டும். வடசென்னைப் பள்ளிகளில் விசை, நிறை, எடை என்று படிக்கும் பிள்ளைகள் நாளைக்கு அந்த வேலையைச் செய்யப் போகிறவர்கள். அவர்கள் லாம்ப்டனிடம் கற்க வேண்டிய பாடம் ஒன்றே. கணக்கு ஒத்துவராதபோது எண்ணைத் திருத்தாதே, காரணத்தைத் தேடு. தெருமுனையில் சுவர் எழுப்பும் கொத்தனார் அதைத் தினமும் செய்துகாட்டுகிறார். சுவர் நூலோடு ஒத்துவராவிட்டால் அவர் நூலைச் சாய்ப்பதில்லை. சுவரையே பிரித்துக் கட்டுகிறார்.